நம்ப முடியாத திருப்பங்கள்
(இலத்தீன் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்கதை பற்றிய ஒரு நோக்கு)

மெக்சிக்கோவில் 1979 ஆம் ஆண்டு ஒளிபரப்பாகத் தொடங்கிய 'பணக்காரரும் அழுவர்' என்னும் தொலைக்காட்சித் தொடர்கதையைச் சுருக்கிக் கூற முற்படும் எவரும் இடையில் நகைக்காதிருத்தல் அரிது. தந்தையை இழந்த ஏழைப் பெண் மரியானா, சல்வத்தியேரா என்னும் செல்வந்தரின் மாளிகையில் அடைக்கலம் பெறுகிறாள். அவருடைய மகன் லூயிஸ் அல்பேர்த்தோவை மணக்கிறாள். கணவனின் சந்தேகத்துக்கு ஆளாகி, மனம் பேதலித்த ஒரு பொழுதில், தான் பெற்ற ஆண் குழந்தையைத் தெருவில் அதிட்டலாபச் சீட்டு விற்கும் பெண்ணொருத்தியின் கையில் கொடுத்துவிட்டு அகன்றுவிடுகிறாள். பின்னர் கணவனும் மனைவியும் ஒன்றுசேர்ந்து, ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்து வளர்க்கின்றனர். மகனைத் தேடும் படலமோ ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. இறுதியில், பெருநகரின் இலட்சக்கணக்கான இளைஞருள், அந்தத் தத்துப் புதல்வி காதலிக்கும் வாலிபனே தொலைந்துபோன மகன் என்பது தெரியவருகிறது! உண்மையறிந்த தாய் அதனை மறைக்கிறாள். அவளுடைய மறைமுகச் சந்திப்புகளைக் கண்ட கணவன், மகனையே அவளது காதலன் என எண்ணித் துப்பாக்கியை நீட்டுகிறான்.

இத்தகைய கதைகளை நமது விமர்சகர்கள் ஒரே வரியில் தள்ளிவிடுவது வழக்கம். யதார்த்தமின்மை, மலிவான உணர்ச்சி, வணிக நோக்கு என்பன அவர்கள் கூறும் குற்றங்கள். இவற்றுள் எதுவும் பொய்யன்று. ஆயினும் இத்தீர்ப்பு ஒரு வினாவுக்கு விடை தரவில்லை. 1991 ஆம் ஆண்டின் இறுதியில், சோவியத் ஒன்றியம் கலைந்துகொண்டிருந்த வேளையில், இத்தொடர் மொஸ்கோவிலிருந்து ஒளிபரப்பாகத் தொடங்கியபோது அந்நாட்டு மக்கள் கோடிக்கணக்கில் அதன்முன் அமர்ந்தனர். தோல்ஸ்தோயையும் செக்கோவையும் பள்ளியிற் கற்ற மக்கள் அவர்கள். நம்பகத்தன்மை இன்னதென்பதை அவர்கள் அறியாதவர்கள் எனக் கூறுதல் பொருந்துமா? அறிந்தும் பார்த்தனர் எனின், எதனைத் தேடிப் பார்த்தனர்?

இதற்கு விடை காண, இவ்வடிவத்தின் தோற்றத்தை நோக்குதல் வேண்டும். கியூபாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளில், தொழிலாளர் கைவேலையில் ஈடுபட்டிருக்க, ஒருவர் உயர்ந்த இருக்கையில் அமர்ந்து பத்திரிகைகளையும் நாவல்களையும் உரக்க வாசிக்கும் வழக்கம் 1865 ஆம் ஆண்டளவில் ஏற்பட்டது. கேட்டுக் கேட்டுக் கதை வளர்த்த அம்மண்ணிலேயே, 1948 ஆம் ஆண்டு, பெலிக்ஸ் கைன்யெத் எழுதிய 'பிறக்கும் உரிமை' என்னும் வானொலித் தொடர் முந்நூறுக்கும் மேற்பட்ட அங்கங்களாக ஒலிபரப்பாயிற்று. சவர்க்கார உற்பத்தியாளரின் விளம்பரப் பணமே இத்தகைய தொடர்களைத் தாங்கிய தூணாகும். மணமாகாத மகள் பெற்ற சிசுவைக் கொல்லுமாறு தொன் ரபாயேல் என்னும் பிரபு கட்டளையிடுகிறார். கறுப்பினத் தாதியான தொலோரெஸ் அச்சிசுவைத் தூக்கிக்கொண்டு ஓடித் தன் மகனாக வளர்க்கிறாள். வளர்ந்து வைத்தியனான அவன், யாரென்று அறியாமலே பாட்டனின் உயிரைக் காப்பாற்றுகிறான். உண்மையை அறிந்த கணத்தில் பிரபு பாரிசவாதத்தால் பேச்சிழந்து விடுகிறார்.

இங்கே நின்று சிந்தித்தல் தகும். உண்மை ஒருவருடைய நெஞ்சில் இருக்கிறது. அதனைச் சொல்ல நாவில்லை. நடிகர் ஊதிய உயர்வு கேட்டதனாலேயே ஆசிரியர் அவரை ஊமையாக்கி வைத்தார் என்றொரு கதையும் வழங்கி வருகிறது. காரணம் எதுவாயினும், நாடு முழுவதும் அந்த ஊமை வாயைத் திறக்கக் காத்திருந்தது. ஆனால் அவர் சொல்லவிருந்த செய்தி கேட்போர் எவருக்கும் புதியதன்று. முதலிலிருந்தே அவர்கள் அதனை அறிவர். இத்தொடர்களின் திருப்பங்கள் பார்வையாளரைத் திகைக்க வைப்பதற்காக அமைந்தவை என நாம் கருதுவது பிழை. பார்வையாளன் அறிந்த உண்மையை உலகம் எப்போது அறியும் என்பதே அங்குள்ள ஆவல். நிகழக்கூடியதாயினும் நம்பவியலாததைவிட, நிகழவியலாததாயினும் நம்பத்தக்கதே கவிதைக்கு ஏற்றதென அரிஸ்டோட்டில் கருதினார். தெருவில் கொடுத்த குழந்தை வீட்டு வாயிலுக்கே காதலனாக வந்து சேர்தல் நிகழவியலாதது. எனினும் தாயொருத்தி தன் மகனை முகத்துக்கு நேரே 'மகனே' என அழைக்க இயலாது தவித்தல் எவரும் நம்பத்தக்கது.

கொலம்பியாவில் வாழ்ந்து பணியாற்றிய அறிஞர் ஹெசூஸ் மர்த்தீன்-பர்பேரோ, 1987 இல் வெளியிட்ட தமது நூலில், இவ்வகை உணர்ச்சி நாடகத்தை 'அடையாளங் காணப்படுவதற்கான போராட்டம்' என்னும் நோக்கில் விளக்கினார். இவ்விளக்கம் ஆழமானது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மெக்சிக்கோ நகரிலும் லீமாவிலும் கிராமத்தவர் திரள்திரளாக வந்து குடியேறினர். ஊரில் இன்னாரின் மகள் என அறியப்பட்டவள் நகரில் பெயரற்ற வேலைக்காரியானாள். அவளுக்கு, "நீ யாரென்று எமக்குத் தெரியும்" என ஒருவர் கூறும் கணம், எத்துணை தற்செயலாக வந்தாலும், வேண்டியதொன்றாயிற்று.

ஆயினும் நமது உடன்பாடு இவ்விடத்தில் நின்றுவிடுகிறது. மனிதர் மனிதராக மதிக்கப்படல் வேண்டும் என்ற நியாயமான வேட்கையை எழுப்பும் இக்கதைகள், அதனைத் தணிப்பது எதனால்? இரத்தத்தால். தெருவில் வளர்ந்த வாலிபன் மதிப்புக்குரியவனாவது, உழைத்து உண்பவன் என்பதனாலன்று; சல்வத்தியேராவின் இரத்தம் என்பதனால். துப்பாக்கியைத் தாழ்த்தச் செய்வது "அவன் உமது மகன்" என்னும் சொல். மகனல்லாத ஏழையொருவன் அவ்விடத்தில் நின்றிருப்பானாயின் என்ற கேள்வியைத் தொடர் கேட்பதேயில்லை. தற்செயலின் உண்மையான குற்றம் இதுவே: நியாயம் செய்யவேண்டிய வேலையை அது பிறப்பிடம் ஒப்படைத்துவிடுகிறது.

வேறு வழி இருக்கவில்லை எனவும் கூற முடியாது. பெரு நாட்டில் 1969 இல் தொடங்கிய 'வெறும் மரியா' என்னும் தொடரின் நாயகியும் நகருக்கு வந்த வேலைக்காரியே. பணக்கார மாணவனொருவனால் ஏமாற்றப்பட்டுத் தாயானவள். ஆனால் அவளை உயர்த்தியது இழந்த உறவொன்றின் கண்டுபிடிப்பன்று. அவள் ஆசிரியர் எஸ்தெபானிடம் எழுத்துக் கற்றாள். தையல் இயந்திரத்தில் உழைத்து ஆடை வடிவமைப்பாளரானாள். அவளை அந்த ஆசிரியர் மணம் முடிக்கும் காட்சி லீமாவில் ஒரு தேவாலயத்தில் படமாக்கப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். தையல் இயந்திர விற்பனை பெருகிற்று. வணிகர் மகிழ்ந்தனர் என்பதும் உண்மையே. ஆயினும் வேலைக்காரப் பெண்கள் பலர் தையலையும் எழுத்தையும் நாடினர். இதனைக் கூர்ந்து நோக்கிய மெக்சிக்க நாட்டு மிகேல் சபீதோ, 1975 இல் முதியோர் கல்வியைத் தூண்டும் தொடரொன்றைத் தயாரித்தார். ஓர் ஏழைப்பெண் அத்துணை உயரத்தை எட்டுவதும் அரிதே. எனினும் அந்த அரிய நிகழ்வு பார்ப்பவளின் கையில் ஊசியையும் பேனாவையும் தந்தது. இரத்த உறவின் கண்டுபிடிப்போ காத்திருக்க மட்டுமே கற்பித்தது.

எனவே, இத்தொடர்களை மதிப்பிடுகையில் "இவ்வாறு நடக்குமா?" என வினவுதல் போதாது. "இந்தத் தற்செயல் எதன் இடத்தை நிரப்புகிறது?" என வினவுதல் வேண்டும். பணக்காரர் அழுவதைக் காண உலகமே கூடியிருந்தது. அதிட்டலாபச் சீட்டு விற்ற அந்தப் பெண், பிறர் பெற்ற பிள்ளைக்குத் தன் வறுமையிற் பங்கிட்டு உணவூட்டி ஆளாக்கினாள். கதையிலுள்ள அத்தனை திருப்பங்களையும்விட நம்புதற்கரிய செயல் அது. அதேவேளை, ஏழைகள் மத்தியில் நாள்தோறும் நிகழ்வது. அவளை நாயகியாக்கி எழுதுவதற்குத் தற்செயல் எதுவும் தேவைப்பட்டிராது.