பெயர் என்னுடையது, கையெழுத்து அவர்களுடையது

கவிதையையும் நாவலையும் பெண்ணியப் பார்வையில் வாசிக்கப் பழகியிருக்கிறோம். ஆனால் ஒரு பெண் தன் வாழ்வில் கையெழுத்திடும் மிக நீளமான பிரதி பெரும்பாலும் அவளது வீட்டுப் பத்திரமாகத்தான் இருக்கும். அதை யாரும் விமர்சனத்துக்கு எடுப்பதில்லை. இங்கிலாந்தில் 'ஷேர்ட் ஓனர்ஷிப்' என்று வழங்கும் பங்குடைமை வீடுகளின் குத்தகைப் பத்திரத்தை, அதிலும் உள்வாடகையைத் தடுக்கும் பிரிவை, இங்கே ஒரு பிரதியாக வாசிக்கிறேன். அந்தப் பத்திரங்களில் ஒன்று என்னுடையது.

திட்டம் இதுதான். முழு வீட்டை வாங்க முடியாதவர் அதில் ஒரு பங்கை வாங்குவார். முன்பு குறைந்தது 25 வீதம் வாங்கவேண்டும். 2021இல் வந்த புதிய மாதிரியில் 10 வீதமும் போதும். மீதி வீட்டுச் சங்கத்துக்குச் சொந்தம். அதற்கு வாடகை கட்டவேண்டும். 2016இல் கிழக்கு லண்டனில் 320,000 பவுண் பெறுமதியான ஒரு தொடர்மாடி வீட்டில் 35 வீதத்தை, அதாவது 112,000 பவுண் பங்கை, பெரும்பகுதி வங்கிக் கடனில் வாங்கினேன். சங்கத்தின் 208,000 பவுணுக்கு ஆண்டுக்கு 2.75 வீதம் வாடகை. முதல் ஆண்டில் மாதம் ஏறக்குறைய 477 பவுண். அது ஆண்டுதோறும் விலைவாசியோடு சேர்ந்து ஏறும். சேவைக் கட்டணம் முழுவதும் என் பொறுப்பு. பொயிலர் பழுதானால் 35 வீதச் செலவல்ல, 100 வீதமும் நான்தான்.

செலவில் முழு உரிமையாளராக என்னைக் கருதும் பத்திரம், உள்வாடகைப் பிரிவுக்கு வந்ததும் என்னை வாடகைக்காரியாக்கிவிடுகிறது. நான் அங்கேயே குடியிருந்துகொண்டு ஓர் அறையில் ஒருவரை வைத்திருக்கலாம். வீட்டைவிட்டுப் போய், இன்னொருவரைக் குடியமர்த்த முடியாது. விதிவிலக்கான சூழ்நிலையில் சங்கத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். கடன் தந்த வங்கியும் சம்மதிக்கவேண்டும்.

தடையின் நோக்கத்தோடு எனக்குச் சண்டையில்லை. பொதுப்பணத்தின் உதவியோடு கட்டிய வீடுகளை மலிவாக வாங்கி, கூடிய வாடகைக்கு விட்டு லாபம் பார்ப்பதைத் தடுக்கத்தான் வேண்டும். என் கேள்வி வேறு. எது 'விதிவிலக்கான சூழ்நிலை'? அரச வழிகாட்டல்கள் தரும் எடுத்துக்காட்டுகளில் ஒன்று, படைச் சேவைக்காக வேறிடம் அனுப்பப்படும் சிப்பாய். வீட்டைவிட்டு நியாயமான காரணத்துக்காகப் போகிறவரை நினைத்ததும் பிரதியின் மனதில் வரும் உருவம் அது.

என் அம்மா யாழ்ப்பாணத்தில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது ஒன்பது மாத அனுமதி கேட்டேன். கடன், வாடகை, சேவைக் கட்டணம் மூன்றுக்கும் மேலாக ஒரு பவுணும் வாங்கமாட்டேன் என்றும் எழுதினேன். இரண்டு வரியில் பதில் வந்தது. வேலை இடமாற்றமோ படைச் சேவையோ இல்லை. வெளிநாட்டிலுள்ள உறவினரைப் பராமரிப்பது 'தனிப்பட்ட தெரிவு' என்றார்கள். அதே வாரம் ரொறன்ரோவிலிருக்கும் அண்ணாவிடம், எப்போது வருகிறாய் என்று குடும்பத்தில் ஒருவரும் கேட்கவில்லை. எல்லாரும் என்னைத்தான் கேட்டார்கள். குடும்பத்தில் என் கடமையாக இருந்தது, சங்கத்தின் கடிதத்தில் என் தெரிவாகிவிட்டது. பராமரிப்பு வேலை எப்போதும் இப்படித்தான் இரண்டு பெயர்களுக்கிடையில் காணாமல் போகிறது. வீட்டைப் பூட்டிவைத்து, சேமிப்பிலிருந்து எல்லாவற்றையும் கட்டி, மூன்று மாதம் மட்டும் அம்மாவோடு இருந்தேன்.

என் இழப்பு சிறியது. பேர்மிங்காமில் 2007இல் தீர்ப்பான ஒரு வழக்கில் இழப்பு மிகப் பெரியது. ஒரு பெண் 1995இல் 29,500 பவுண் கொடுத்துத் தன் வீட்டின் பாதியை வாங்கியிருந்தார். பின்னர் அச்சுறுத்தல் காரணமாக அங்கிருந்து வெளியேறினார். வாடகை நிலுவை சேர்ந்தது. சங்கம் வழக்குப் போட்டது. பத்திரம் எவ்வளவு நீண்டகாலத்துக்கானதாக இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அவர் வாடகைக்காரிதான் என்றது நீதிமன்றம். நிலுவைக்காக வீடு போயிற்று. பாதிப் பங்கின் பெறுமதிக்கும் உரிமையில்லை என்றானது. 21 ஆண்டுகளுக்கு மேற்பட்ட குத்தகைகளை அந்த வாடகைச் சட்டப் பிடியிலிருந்து விடுவிக்க, 2025இன் வாடகைதாரர் உரிமைச் சட்டம் வரவேண்டியிருந்தது. ஆனாலும் பயந்து வெளியேறும் பெண்ணுக்குப் பின்னால் வாடகையும் கடனும் ஓடிக்கொண்டேயிருக்கும். அவள் இல்லாத மாதங்களில் வீடு தன் செலவைத் தானே தேடிக்கொள்ளும் வழிதான் உள்வாடகை.

இந்த ஏற்பாடு எமக்குப் புதிதல்ல. தேசவழமைக்கு உட்பட்ட யாழ்ப்பாணத் தமிழரிடையே வீடு பெரும்பாலும் மகளுக்குச் சீதனமாகப் போகும். அதைக் காட்டி, எங்கள் பெண்களுக்குச் சொத்துரிமை இருக்கிறது என்று பெருமை பேசுவார்கள். ஆனால் 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, மணமான பெண் தன் அசையாச் சொத்தை உயில் எழுதிக் கொடுக்கலாமே தவிர, உயிரோடிருக்கும்போது கணவரின் எழுத்துமூலச் சம்மதமின்றி விற்கவோ ஈடுவைக்கவோ குத்தகைக்கு விடவோ முடியாது. அம்மா தன் சீதன வீட்டின் முன்பாதியை வாடகைக்குக் கொடுக்க நினைத்தபோது, கொழும்பிலிருந்த அப்பாவின் கையெழுத்து தபாலில் வரும்வரை நொத்தாரிசு பத்திரம் எழுதவில்லை. கணவர் நியாயமின்றி மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று அந்தப் பழைய சட்டம்கூட ஒரு கதவை விட்டுவைத்தது. எனக்கு வந்த இரண்டு வரியில் மேன்முறையீடு பற்றி ஒரு சொல்லும் இல்லை.

சீதனச் சட்டத்தில் கணவர், பங்குடைமைப் பத்திரத்தில் நிறுவனம். இரண்டும் பெண்ணுக்குப் பெயரைக் கொடுக்கின்றன, பாரத்தையும் கொடுக்கின்றன. வீட்டை வைத்து என்ன செய்யலாம் என்ற முடிவை மட்டும் வேறொருவரிடம் விடுகின்றன.

மாற்றவே முடியாத விதி என்று இதைச் சொல்லமுடியாது. கிரென்ஃபெல் கோபுரம் 2017இல் எரிந்த பிறகு, ஆபத்தான மேற்பூச்சுள்ள கட்டடங்களில் வீட்டை விற்கமுடியாமல் சிக்கிய பங்குடைமையாளர்கள் போராடினார்கள். அவர்களுக்கு உள்வாடகை அனுமதி கொடுக்கலாம் என்று வழிகாட்டல் நெகிழ்ந்தது. அப்படியானால் பராமரிப்பையும் வன்முறையையும் பத்திரத்திலேயே காரணங்களாக எழுதலாம். லாபத்தைத் தடுக்கவேண்டுமென்றால், வாங்கும் வாடகைக்கு உண்மைச் செலவை உச்சவரம்பாக வைக்கலாம். பதிலுக்கு நாள் கெடுவும், மறுப்புக்கு எழுத்தில் காரணமும், மேன்முறையீட்டு வழியும் கேட்கலாம்.

இதை வாசிக்கும் மாணவியரில் பலர் இன்னும் சில ஆண்டுகளில் ஏதாவதொரு வீட்டுப் பத்திரத்தின்முன் உட்காருவீர்கள். எத்தனை வீதம், எவ்வளவு வட்டி என்று உங்களோடு வருகிறவர்கள் கேட்பார்கள். நீங்கள் இன்னொன்றையும் கேளுங்கள்: நான் இங்கிருந்து சிலகாலம் போகவேண்டி வந்தால், யாருடைய கையெழுத்து வேண்டும்?