‘காகிதத்தில்’ என்றால் எந்தக் காகிதத்தில்?

சென்னைக் கண்காட்சிகளில் நான் பார்த்த சயனோடைப் படங்கள் பலவற்றின் பக்கத்தில் ‘சயனோடைப், காகிதத்தில்’ என்று ஒரு சீட்டு இருக்கும். எந்தக் காகிதம்? அது மட்டும் இருக்காது. மயிலாப்பூர் சபாவில் கேட்ட கச்சேரிக்கு விமர்சனம் எழுதுபவர் ராகத்தின் பெயரையே சொல்லாவிட்டால் நாம் சும்மா இருப்போமா? இங்கே மட்டும் விட்டுவிடுகிறோம்.

ஸ்டூடியோ பிரிண்டில் படம் ஜெலட்டின் படலத்துக்குள் இருக்கிறது. அடியில் என்ன தாள் என்று யாரும் கேட்பதில்லை. ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்டுபிடித்த சயனோடைப்பில் அந்தப் படலம் கிடையாது. இரண்டு இரும்பு உப்புகளின் கரைசலைத் தாளில் பூசி, இருட்டில் காயவைத்து, வெயிலில் காட்டி, தண்ணீரில் அலசுகிறோம். நீலம் தாளின் நாரிலேயே உருவாகிறது. தாளுக்குப் போதிய பசை ஏற்றப்படவில்லையென்றால் கரைசல் ஆழமாக இறங்கிவிடும்; நிழல்கள் மங்கும், வெள்ளை வெள்ளையாக வராது. ஐப்பசி ஈரத்தில் அடையாறில் இதைச் செய்து பார்த்தவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

பெரிய வேடிக்கை ‘தரம்’ என்ற சொல்லில் இருக்கிறது. தி. நகரில் நல்ல தாள் கேட்டால் ‘ஆசிட் ஃப்ரீ சார், நூறு வருஷம் வரும்’ என்பார்கள். வாட்டர்கலருக்கு அது சரிதான். ஆனால் அமிலத்தை முறிப்பதற்காக அந்தத் தாள்கள் பலவற்றில் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணக்கட்டியின் சரக்கு, சேர்த்திருப்பார்கள். பிரஷ்யன் நீலத்துக்குக் காரம் ஆகாது, வெளிறிவிடும். நூறு வருஷம் நிற்க வேண்டிய தாளே படத்தைத் தின்றுவிடுகிறது! மென்பொருள்காரர்களுக்குப் பழக்கமான கதை இது: ஸ்பெக் சரி, அது வேறு வேலைக்கு எழுதப்பட்டது, அவ்வளவுதான். சுண்ணம் சேர்க்காத பருத்தித் தாளை வாங்கலாம், அல்லது பூசுவதற்கு முன் நீர்த்த சிட்ரிக் அமிலத்தில் தாளை ஊறவைக்கலாம். போர் தண்ணீரில் அலசுவதானால் முதல் அலசலில் கொஞ்சம் வினிகர் விடுவது நல்லது.

இதெல்லாம் வெறும் பட்டறைச் சமாச்சாரம், விமர்சனத்துக்கு எதற்கு என்று கேட்கலாம். லின்னேயஸ் டிரைப்பின் படங்களைப் பாருங்கள். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரரான அவர் 1858இல் மதுரை, தஞ்சைக் கோயில்களை எடுத்தார். அப்போது கண்ணாடி நெகட்டிவ் வந்துவிட்டது. ஆனால் ஈரமான கொலோடியன் நம் வெக்கையில் சீக்கிரம் காய்ந்துவிடும். மெழுகேற்றிய காகித நெகட்டிவை முன்கூட்டியே தயார் செய்து மாட்டுவண்டியில் ஏற்றிக்கொள்ளலாம். எனவே பெரும்பாலும் காகிதம். வெறும் வசதிக்கான முடிவாகத் தோன்றும். மதுரை ராயகோபுரத்தின் தூண்களை எடுத்த படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தால் அப்படித் தோன்றாது. நெகட்டிவின் நார் வெளிச்சத்தை லேசாகக் கலைக்கிறது. உப்புத்தாள் பிரிண்டின் நார் மறுபடி கலைக்கிறது. உளி பட்ட கருங்கல்லின் சொரசொரப்பும் தாளின் சொரசொரப்பும் ஒன்றாகிவிடுகின்றன. கண்ணாடி நெகட்டிவில் அதிக விவரம் கிடைத்திருக்கும், இந்தக் கனம் கிடைத்திருக்காது. வெறுமையாக வந்த வானத்தில் அவர் நெகட்டிவிலேயே மேகங்களைத் தீட்டியதும் உண்டு. காகிதம் தூரிகைக்கும் இடம் கொடுத்தது.

ஆக, காகிதத்தைத் தேர்வதே ஒரு பார்வை. எதை இழக்கச் சம்மதிக்கிறோம் என்பது அதில் முடிவாகிறது. இன்று நீலப் படங்கள் பலவற்றின் சிக்கல் இங்கேதான். சயனோடைப்பின் நீலம் யாருக்கும் அழகாக வந்துவிடும். அந்த அழகே போதும் என்று நின்றுவிடுகிறோம். இலையை வைத்தாலும் பாட்டியின் முகத்தை வைத்தாலும் அதே நீலம், அதே வாட்டர்கலர் தாள். பாட்டியின் முகச்சுருக்கங்களுக்கு வழவழப்பான ஹாட்பிரஸ் தாள் வேண்டுமா, அவற்றை நார் விழுங்கட்டுமா என்று யோசித்தவரின் படம் தனியாகத் தெரியும்.

இறக்குமதித் தாள் விலை அதிகம், ஒத்துக்கொள்கிறேன். கைக்காகிதத்தில் தாளுக்குத் தாள் குணம் மாறும், அதுவும் உண்மை. கிடைத்த தாளில்தான் செய்தேன் என்பது நேர்மையான பதில். அதையாவது சீட்டில் எழுதுங்கள். அங்கிருந்து பேச ஆரம்பிக்கலாம்.