எந்தப் பஞ்சு? ஹேமக் அடிப்போர்வையும் க்ளோ என்கிற எண்ணும்

ஹேமக்கில் தூங்குபவரைக் குளிர் கீழிருந்துதான் பிடிக்கும். தூளி மாதிரி தொங்கும் மெல்லிய நைலான் துணி, அதற்கு அடியில் இரவு முழுக்க ஓடும் காற்று. ஸ்லீப்பிங் பேக்குக்குள் படுத்தாலும் பெரிய பயன் இல்லை. உடம்பின் பாரத்தில் அடிப்பக்கத்துப் பஞ்சு நசுங்கிவிடும். கதகதப்பைத் தருவது பஞ்சு பிடித்துவைத்திருக்கும் காற்றுதான். நசுங்கினால் அது போச்சு. அதனால் துணிக்கு வெளியே, கீழ்ப்பக்கமாக, எடை ஏறாதபடி ஒரு போர்வையைத் தொங்கவிடுகிறார்கள். அண்டர்குவில்ட் என்று பெயர். அடிப்போர்வை என்றே இங்கே எழுதுகிறேன்.

அமெரிக்க மலைநடைக்காரர்களிடம் இதை வீட்டிலேயே தைத்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. 1992-இல் பசிபிக் கிரெஸ்ட் பாதைக்குக் கையேடு எழுதிய ரே ஜார்டின் போன்றவர்கள் வளர்த்துவிட்ட பழக்கம். முதுகுக்குக் கீழே நசுங்கும் பஞ்சை எதற்குச் சுமக்க வேண்டும், மேலே மூடிக்கொள்ளப் போர்வை போதுமே என்பது அவர் வாதம். அடிப்போர்வை அதே வாதத்தின் மறுபாதி. வாத்துத் தூவியைச் சின்னச் சின்ன அறைகளாகத் தைத்து அடைப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. அதனால் முதல்முறை தைப்பவர்கள் பெரும்பாலும் பாலியஸ்டர் பஞ்சுக்குத்தான் போவார்கள். எந்தப் பஞ்சு என்று கேட்டால் கிடைக்கிற பதில் எப்போதும் ஓர் எண்: அவுன்ஸுக்கு எத்தனை க்ளோ?

எனக்கு இந்த எண்ணோடுதான் சண்டை. எண் பொய்யில்லை, அதைக் கேட்கிற இடம்தான் தப்பு.

க்ளோ என்ற அளவை 1941-இல் கேக், பர்ட்டன், பேஸட் என்ற மூன்று உடலியல் ஆய்வாளர்கள் முன்வைத்தார்கள். 21 டிகிரி செல்சியஸ் அறையில், காற்று அதிகம் அசையாதபோது, சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவருக்குச் சுகமாக இருக்கும் உடுப்பு 1 க்ளோ. கோட்டும் பேன்ட்டும் போட்ட அந்தக் காலத்து ஆபீஸ்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். இயற்பியல் கணக்கில் அது 0.155 சதுர மீட்டர் கெல்வின் / வாட். ஆக, இந்த அளவு பிறந்ததே காற்று அசையாத அறைக்குள்தான். ஹேமக்கின் அடிப்பக்கமோ அதற்கு நேர் எதிர்.

இனி பஞ்சுக்கு வருவோம். வீட்டில் தைப்பவர்களிடம் அதிகம் அடிபடும் பெயர்கள் இரண்டு. கிளைமாஷீல்டு அபெக்ஸ் அவுன்ஸுக்கு 0.82 க்ளோ என்பார்கள், பிரைமாலாஃப்ட் கோல்டு 0.92. சதுர கெஜத்துக்கு 5 அவுன்ஸ் எடையுள்ள விரிப்பை எடுத்தால் முன்னது 4.1 க்ளோ, பின்னது 4.6. பார்த்தவுடன் பிரைமாலாஃப்ட் ஜெயித்த மாதிரி இருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். தோலின் வெப்பம் 33 டிகிரி, வெளியே 0. உடுத்தியிருக்கும் துணிக்கும் சுற்றியுள்ள காற்றுக்கும் சேர்த்து 1 க்ளோ கூட்டிக்கொள்கிறேன். அபெக்ஸில் சதுர மீட்டருக்கு சுமார் 42 வாட் வெளியேறும், பிரைமாலாஃப்டில் 38. தூங்குகிற உடம்பு சதுர மீட்டருக்கு 40 வாட் அளவில்தான் சூடு உண்டாக்குகிறது. இரண்டுமே எல்லைக்கோட்டில் நிற்கின்றன, வித்தியாசம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே.

இப்போது போர்வை சரியாக ஒட்டவில்லை என்று வையுங்கள். முதுகுப் பரப்பில் பத்தில் ஒரு பங்கு, அதாவது தோள் பக்கம் ஒரு கையளவும் இடுப்போரம் ஒரு கையளவும், வெறும் 1 க்ளோவோடு நிற்கிறது. அந்த இடத்தில் மட்டும் 213 வாட் வேகத்தில் சூடு போகும். மொத்தச் சராசரி 42-லிருந்து 59-க்கு ஏறிவிடும். நாற்பது சதவீதம் கூடுதல் இழப்பு! விலை கூடிய பஞ்சு மிச்சம்பிடித்ததைப் போல நாலு மடங்குக்கும் மேல் ஒரு இடைவெளியே தின்றுவிட்டது. காற்றடித்தால் நிலைமை இன்னும் மோசம். அதை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

ஆகவே அடிப்போர்வைக்குப் பஞ்சு தேர்ந்தெடுப்பது என்பது, என்னைக் கேட்டால், முதலில் ஒரு தையல்காரர் கேள்வி. இந்தப் பஞ்சு எவ்வளவு சூடு காக்கும் என்பதற்கு முன்னால், வளைந்து தொங்கும் உடம்போடு இது ஒட்டி நிற்குமா என்று கேட்க வேண்டும்.

இந்தக் கேள்விக்கு அபெக்ஸ் பாதி பதில்தான் சொல்கிறது. அதன் இழைகள் அறுபடாமல் நீளமாக ஓடுபவை. விரிப்பு தானாகவே உருக்குலையாமல் நிற்பதால் நான்கு ஓரத்திலும் தைத்தால் போதும், நடுவில் தையல் ஓட்ட வேண்டாம். இது சின்ன விஷயமில்லை. குட்டை இழைகளால் ஆன பிரைமாலாஃப்ட் போன்ற பஞ்சு நழுவாமல் இருக்க இடையிடையே தையல் கேட்கும். தையல் ஓடும் கோட்டில் பஞ்சின் உப்பல் ஏறக்குறைய பூஜ்யம். அந்த 0.92-ஐக் காசு கொடுத்து வாங்கி, ஊசியாலேயே கொஞ்சத்தை வெளியே விடுகிற கதை. இன்னொரு பக்கம், குட்டை இழைப் பஞ்சு மிருதுவானது, வளைவுக்கு நன்றாகப் படியும். அபெக்ஸ், அதிலும் கனமான ரகம், கொஞ்சம் விறைப்பு. தட்டையாக வெட்டித் தொங்கவிட்டால் நடுவில் ஒட்டும், ஓரத்தில் வாய் பிளந்து நிற்கும்.

இதற்கு மருந்து வெட்டுவதில் இருக்கிறது. தலைமாட்டிலும் கால்மாட்டிலும் முக்கோணமாகக் கொஞ்சம் பஞ்சை வெட்டியெடுத்து, விளிம்புகளைச் சேர்த்துவிட்டால் விரிப்பு தொட்டி மாதிரி குழிந்துகொள்ளும். வெளித்துணியை உள்துணியைவிடச் சற்று அகலமாக வெட்ட வேண்டும். இரண்டும் ஒரே அளவில் இருந்தால், வளையும்போது வெளித்துணி இறுகிப் பஞ்சை நசுக்கிவிடும். நீளவாக்கு ஓரங்களில் எலாஸ்டிக் கயிறு ஓடக் குழாய்த் தையல். கயிறு தளர்ந்தால் இடைவெளி, ரொம்ப இறுகினால் மறுபடி நசுங்கல். படுத்துப் பார்த்துத்தான் சரிசெய்ய முடியும்.

பஞ்சு கனத்துக்குப் பக்கத்தில் வெப்பநிலை போட்டுச் சுற்றும் பட்டியலையும் இதே காரணத்துக்காகத்தான் நம்பத் தயங்குகிறேன். 5 அவுன்ஸ் என்றால் 30 பாரன்ஹீட் என்பார்கள். மேலே போட்ட கணக்கோடு அது ஒத்துத்தான் போகிறது. ஆனால் உடம்பின்மேல் தன் எடையாலேயே படிந்து கிடக்கும் மேல்போர்வைக்குப் பொருந்துகிற எண், கீழே தொங்குவதற்கு அப்படியே பொருந்தாது. மேல்போர்வை விலகினால் தூக்கத்திலேயே இழுத்துக்கொள்ளலாம். அடிப்போர்வையை எப்படி இழுப்பது?

"நனைந்தாலும் கதகதப்பு" என்ற புகழ் பற்றியும் ஒரு வார்த்தை. தண்ணீர் அசையாத காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். அது பாலியஸ்டருக்கு மட்டும் விலக்கு கொடுப்பதில்லை. செயற்கைப் பஞ்சு தூவி மாதிரி கட்டியாகிவிடாது, பிழிந்து உதறினால் சீக்கிரம் காயும். அந்த வசதியே பெரிசு. அதற்கு மேல் சொல்வது வியாபாரம்.

எண்ணைத் துரத்த விரும்புகிறவர்களுக்குக் கனம் கூட்டுவது மலிவான வழி. 2.5 அவுன்ஸ் விரிப்பையும் 3.6 அவுன்ஸ் விரிப்பையும் அடுக்கினால் 6.1 அவுன்ஸ், 5 க்ளோ. முழு நீள அடிப்போர்வை 75 அங்குலத்துக்கு 45 அங்குலம் என்று வைத்தால் 2.6 சதுர கெஜம். ஒற்றை 5 அவுன்ஸ் விரிப்பைவிட 80 கிராம் சொச்சம்தான் கூடும். பிரைமாலாஃப்ட் தரும் 0.5 க்ளோவைவிட இது அதிகம். மெல்லிய இரண்டு அடுக்குகளைத் தனித்தனியாக வளைக்கலாம் என்பதால் விறைப்பும் கொஞ்சம் குறையும்.

செயற்கைப் பஞ்சு பைக்குள் திணிக்கத் திணிக்க உப்பல் இழக்கும். அட்டையில் இருக்கிற க்ளோ புதுப் பஞ்சுக்கானது. நீள இழை பொதுவாக இதைக் கொஞ்சம் நன்றாகத் தாங்கும். வாங்குவதென்றால் நான் அபெக்ஸையே வாங்குவேன், இரண்டு அடுக்காக. மிச்சப் பணத்தில் நல்ல எலாஸ்டிக் கயிறு. துணியை வெட்டுவதற்கு முன் ஒரு பழைய பெட்ஷீட்டை ஹேமக்குக்கு அடியில் குண்டூசி குத்தி மாதிரி எடுத்துப் பாருங்கள். எங்கே வாய் பிளக்கிறது என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.