வள்ளி முதல் ஔவை வரை: கே. பி. சுந்தராம்பாளின் நடிப்புக் கலை

தமிழ்ப் படவுலகின் பழம்பெரும் நடிகையருள், கே. பி. சுந்தராம்பாளைப் போல வாழ்க்கைக் கதையாலேயே அறியப்பட்டவர் பிறரிலர் எனலாம். கிட்டப்பாவின் காதல் மனைவி, இருபத்தைந்து வயதில் வெள்ளுடை பூண்ட கைம்பெண் என்று அவரைப் போற்றுவோர் ஒருபுறம். அவர் பாடகியே அன்றி நடிகையல்லர் என்று தள்ளுவோர் மறுபுறம். இரு சாராரும் செய்யும் பிழை ஒன்றே. அவர் ஏற்ற வேடங்களை ஒருசேர வைத்து நோக்க அவர்கள் தவறிவிடுகின்றனர்.

1908-ஆம் ஆண்டு கொடுமுடியில் பிறந்த சுந்தராம்பாள், வறுமையின் கொடுமையால் இளமையிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். ஒலிபெருக்கி இல்லாத அக்காலக் கொட்டகையில், கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவன் காதிலும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழ வேண்டும். அந்தப் பயிற்சியே அவருக்குப் பள்ளிக்கூடமாயிற்று. 1927-இல் அவர் எஸ். ஜி. கிட்டப்பாவை மணந்தார். கிட்டப்பா முன்னரே மணமானவர். ஆதலின் அவ்வாழ்வில் பிரிவும் துயரும் கலந்தே இருந்தன. ஆயினும் மேடையில் ‘வள்ளி திருமணம்’ போன்ற நாடகங்களில் அவ்விருவரும் போட்டியிட்டுப் பாடிய அழகைத் தமிழகம் நெடுநாள் மறக்கவில்லை. 1933 டிசம்பரில் கிட்டப்பா மறைந்தார். இனி எந்த ஆடவருக்கும் இணையாக நடிப்பதில்லை என்று சுந்தராம்பாள் உறுதி பூண்டார்.

இந்த உறுதியைக் கற்பின் பெருமைக்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். அது தனி வாழ்வைப் பற்றிய செய்தி. கலை நோக்கில் எழும் கேள்வி வேறு. கதாநாயகி என்றாலே நாயகனின் காதலி என்று இலக்கணம் வகுத்துக்கொண்ட சினிமாவில், காதலியாக வரமாட்டேன் என்று சொல்லும் நடிகைக்கு இடம் ஏது?

அவர் கண்ட முதல் விடை 1935-இல் வெளிவந்த ‘நந்தனார்’. ஆடவருக்கு இணையாக நடிக்க மறுத்தவர், ஆடவராகவே நடித்தார்! பெண்கள் ஆண் வேடம் பூணுவது அந்நாளைய மேடைக்குப் புதிதன்று; திரையில் அது துணிச்சல். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய் என்பது நாடெங்கும் பேச்சாயிற்று. வேதியராக நடித்தவர் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். இசை நிறைந்திருந்த அப்படத்தைக் கல்கி போன்ற விமரிசகர் எள்ளி நகையாடவும் தயங்கவில்லை. மேடையை அப்படியே திரைக்கு மாற்றியது அதன் குறை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அதன்பின் அவர் ஏற்ற வேடங்களைப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரியும். 1940-இல் மணிமேகலை: உதயகுமரனின் காதலை விலக்கி, அமுதசுரபி ஏந்திப் பசிப்பிணி தீர்த்தவள். 1953-இல், ஜெமினி நிறுவனத்தின் படத்தில், ஔவையார். 1964-இல் ‘பூம்புகா’ரில் கவுந்தியடிகள்: கோவலனையும் கண்ணகியையும் மதுரைக்கு வழிநடத்திச் சென்ற சமணத் துறவி. மூவரும் இல்லறத்திற்குப் புறம்பே நிற்பவர்கள். மூவரும் அறம் உரைக்கும் தகுதி பெற்றவர்கள். யாருடைய மனைவி, யாருடைய தாய் என்ற கேள்விக்கே இடமின்றி, தன் சொல்லாலேயே மதிக்கப்படும் பெண்ணைத் தமிழிலக்கியம் முன்பே படைத்து வைத்திருந்தது. அவளைத் திரையில் நிலைநிறுத்தியவர் சுந்தராம்பாள்.

‘ஔவையார்’ படத்தில், மணவாழ்வை வேண்டாத கன்னி ஔவை, தன் இளமையைப் போக்கிவிடுமாறு பிள்ளையாரை வேண்டுகிறாள். குசலகுமாரி ஏற்ற அந்த இளம் உருவம் மறைந்து, சுந்தராம்பாளின் முதிய உருவம் தோன்றுகிறது. இருபத்தைந்து வயதில் இளமைக் கோலத்தைத் தானே களைந்தவர் அவர் என்பதை அறிந்த மக்கள் அக்காட்சியை வெறும் கதையாகக் கண்டிருக்க மாட்டார்கள்.

இனி, அவர் நடிகையல்லர் என்னும் வாதம். அவர் முகம் பலவகை மெய்ப்பாடுகளைக் காட்டுவதில்லை. உடலும் அதிகம் அசைவதில்லை. உண்மையே. ஆனால் 1965-இல் வந்த ‘திருவிளையாட’லை நினைவு கூர்க. மாங்கனி கிடைக்காமல் சினந்து மலையேறி நிற்கும் முருகனை ஔவை தணிவிக்கும் காட்சியில் கைகளும் கண்களும் செய்யக்கூடியவை சிலவே. குரல்தான் அங்கே நடிக்கிறது: கெஞ்சுகிறது, உரிமையோடு கண்டிக்கிறது, கொஞ்சுகிறது, உருகுகிறது. உச்ச சுருதியிலும் ஒரு சொல்லேனும் சிதைவதில்லை. பொருள் விளங்கப் பாடுதலே அவருடைய அபிநயம். ஒரு காலத்தில் மேடையில் வள்ளியாக நின்று முருகனைக் காதலனாகப் பாடிய அதே குரல், இங்கே பாட்டியாக நின்று அவனைக் குழந்தையாக அழைக்கிறது. இடைப்பட்ட ஆண்டுகளின் துயரமெல்லாம் அந்த அழைப்பில் கனிவாகப் பழுத்திருக்கிறது.

இழப்பும் இல்லாமலில்லை. 1940-க்கும் 1953-க்கும் இடையே பதின்மூன்று ஆண்டுகள், பின்னர் மீண்டும் பதினோராண்டுகள், அவர் திரையில் தோன்றவில்லை. நகைச்சுவையும் சினமும் ஏமாற்றமும் கலந்த சாதாரணப் பெண்ணொருத்தியின் வேடம் அவருக்கு அரிதாகவே வாய்த்தது. விரதம் அவரைக் காத்தது. கூடவே குறுக்கவும் செய்தது. பின்னாளில் பக்திப் படம் எடுத்தோர் பலர், அவரை ஒரு பாட்டுக்காக மட்டும் வெண்ணீறு பூசி நிறுத்திவிட்டனர். அக்குறை அவருடையதன்று, அவர் திறத்தை அளந்தறியாதோருடையது.

சத்தியமூர்த்தியின் தூண்டுதலால் தேசிய மேடைகளில் பாடிய அவர், சென்னைச் சட்ட மேலவையிலும் அமர்ந்தார். ‘துணைவன்’ படப் பாடலுக்காக 1969-ஆம் ஆண்டின் தேசிய விருதும், 1970-இல் பத்மஸ்ரீயும் அவரை வந்தடைந்தன. 1980-இல் அவர் மறைந்தார்.

இளமை கழிந்ததும் நடிகையை ஒதுக்கிவிடுவது படவுலகின் வழக்கம். சுந்தராம்பாளின் பெரும்புகழோ நாற்பத்தைந்தாம் வயதில் ஔவையாகத் தோன்றியபோதுதான் தொடங்கிற்று. அவரைக் கிட்டப்பாவின் மனைவி என்று மட்டும் நினைப்பது அவருடைய அன்புக்குச் செய்யும் மரியாதையாகலாம். அவருடைய கலைக்குச் செய்யும் நீதியாகாது.