சிவகாசிக்காரருக்கு என்ன புஸ்தகம்?

ஊர்ப் பெயரைக் கேட்டதும் புஸ்தகத்தின் பெயரைச் சொல்லிவிடுகிற பழக்கம் ஒன்று நம்மிடையே வளர்ந்திருக்கிறது. தஞ்சாவூர்க்காரர் என்றால் ஜானகிராமன். நாகர்கோவில் என்றால் சுந்தர ராமசாமி. விருதுநகர், சாத்தூர், சிவகாசிப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து என்ன படிக்கலாம் என்று கேட்டால், கி. ராஜநாராயணன், பூமணி, ச. தமிழ்ச்செல்வன், மேலாண்மை பொன்னுச்சாமி என்று நாலு பெயர்கள் தயாராக இருக்கின்றன. நாலு பேரும் நல்ல எழுத்தாளர்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கேட்டவர் எப்படிப்பட்ட ஆசாமி என்று தெரிந்துகொள்ளாமலே பதில் சொல்லியாகிவிட்டது. முகவரியைப் பார்த்துப் போட்டுவிட்டுப் போவது தபால்காரர் வேலை. விமரிசகர் அதைச் செய்ய வேண்டியதில்லை.

சிவகாசியில் ஒரு கூட்டம் முடிந்த பிறகு ஓர் அம்மாள் என்னிடம் பேசிக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். சிறு வயதில் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கியவர். மருந்தில் முக்குவதற்கு முன்னால் குச்சிகளைச் சட்டத்தில் ஒவ்வொன்றாக, வரிசை பிசகாமல் அடுக்க வேண்டும். எத்தனை சட்டம் அடுக்கினாயோ அத்தனைக்குக் கூலி. குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது 1986ல். சிவகாசி வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது 1996ல். அந்த அம்மாளின் குழந்தைப் பருவம் இரண்டுக்கும் முந்தியது. படிப்பில் ஆசை உள்ளவர் என்று தெரிந்து, யாரோ நல்லெண்ணத்தோடு, தீப்பெட்டி ஆபீஸ் குழந்தைகளைப் பற்றிய கதை ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள்.

"நாலு பக்கம் படிச்சேன், ஸார். மருந்து வாடை வந்துருச்சு. மூடி வச்சுட்டேன்" என்றார்.

கதை மோசமானது என்பதல்ல இதற்கு அர்த்தம். ரொம்பவும் நன்றாக எழுதப்பட்டிருந்ததால்தான் வாடை வந்திருக்கிறது! அந்தக் கதையைப் படிக்க வேண்டியவர்கள் மயிலாப்பூரிலும் கோயம்புத்தூரிலும் இருக்கிறார்கள். தீப்பெட்டியை உரசிவிட்டுத் தூக்கியெறிகிறவர்களுக்கு அது தெரிய வேண்டும். அடுக்கின கைக்கு அதைத் திரும்பச் சொல்வானேன்?

அந்த அம்மாள் நூலகத்திலிருந்து எடுத்து மூன்று தடவை படித்திருப்பது பொன்னியின் செல்வன். 1950 முதல் 1954 வரை கல்கியில் தொடராக வந்த அந்த நாவலை இலக்கியமாக ஏற்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. அதனால், இது வெறும் கனவு காண்கிற படிப்பு என்று ஒதுக்கிவிட எனக்கும் வாய் வந்தது. கொஞ்சம் பொறுத்து, அதில் எது பிடிக்கும் என்று கேட்டேன். வந்தியத்தேவன், குந்தவை என்று பெயர்களை எதிர்பார்த்தேன். "ஆரம்பத்துல அந்த ஏரி வருமே, ஸார், தண்ணி நிறைஞ்சு. அத வாசிக்கிறதுக்கே எடுப்பேன்" என்றார்.

கரிசல் பூமியில் பிறந்து, மருந்து வாடையில் வளர்ந்தவர் கேட்டது கதாநாயகனை அல்ல, தண்ணீரை. அவருக்கு நான் சொன்ன புஸ்தகம், ஜானகிராமனும் சிட்டியும் சேர்ந்து காவேரியின் கரையோடு போய் வந்து எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி'. பொன்னியின் செல்வன் பிடிக்கிறதா, சரி, இன்னொரு சரித்திர நாவல் என்று சொல்லியிருந்தால், அதுவும் ஊரைப் பார்த்துச் சொல்கிற மாதிரிதான் ஆகியிருக்கும். இன்று கம்ப்யூட்டர் மூலம் புஸ்தகம் விற்கிற கடைகள் இதைத்தான் செய்கின்றன: இதை வாங்கினவர்கள் அதையும் வாங்கினார்கள் என்று காட்டுகின்றன. வாங்கினது தெரிகிறது. எந்தப் பக்கத்தில் நின்று, எதற்காகத் திரும்ப வந்தார் என்பது தெரிவதில்லை.

க.நா. சுப்ரமண்யம் ஐம்பதுகளில் 'படித்திருக்கிறீர்களா?' என்ற தலைப்பில் தமிழ்ப் புஸ்தகங்களைச் சிபாரிசு செய்து எழுதினார். அவர் வாசகனை ஒன்றும் கேட்கவில்லை. எனக்குப் பிடித்தது இது, காரணம் இது, இஷ்டமிருந்தால் படி என்று விட்டுவிட்டார். அதில் ஒரு நேர்மை இருக்கிறது. ஒரு மனிதனுடைய ரஸனை முழுசாக எதிரே நிற்கிறபோது, நம்முடையதை அதோடு அளந்து பார்க்க முடியும். பத்துப் பேர் கூடி, ஊருக்கொன்று ஜாதிக்கொன்று என்று விட்டுப்போகாமல் சேர்த்துப் போடுகிற பட்டியலை எதோடு அளப்பது? ஆனால் க.நா.சு.வின் முறை, படிக்கிற பழக்கம் ஏற்கனவே கைவந்தவர்களுக்குத்தான் உதவும். மற்றவர்களுக்கு வேறு விதம் வேண்டும். சென்னை சர்வகலாசாலையில் நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931லேயே அதைச் சொல்லிவிட்டார். அவருடைய ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புஸ்தகம் உண்டு என்பது. மூன்றாவது, ஒவ்வொரு புஸ்தகத்துக்கும் அதற்கான வாசகர் உண்டு என்பது. கணக்கு வாத்தியாராக இருந்தவர் அல்லவா, சமன்பாட்டின் இரண்டு பக்கத்தையும் எழுதிவிட்டார். இரண்டு பக்கத்தையும் சேர்த்து வைக்க ஓர் ஆள் உட்கார்ந்து விசாரிக்க வேண்டும்.

சிவகாசியிலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. இலக்கியவாதிகள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்று வந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923ல் தீப்பெட்டித் தொழிலை ஆரம்பித்தார்கள். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபில் வேண்டும், அதனால் அச்சுத் தொழில் வந்தது, காலண்டர் வந்தது. அந்த ஊரில் 1972ல் சௌந்தரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் புஸ்தகம் 'இரும்புக்கை மாயாவி'. இங்கிலாந்தில் 1962 முதல் வந்த சித்திரக் கதை. கையை இழந்தவன் இரும்புக் கை பொருத்திக்கொள்கிறான்; மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு மறைந்து, கை மட்டும் தெரிகிறது.

அந்த ஊர்ப் பையன்களுக்கு அது ஏன் அவ்வளவு பிடித்தது என்பதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். எனக்கு ஒன்று தோன்றுகிறது: ஆள் தெரியாமல் கை மட்டும் தெரிவது எப்படி என்று தீப்பெட்டி ஆபீஸில் வேலை செய்தவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இது என் யோசனைதான். படித்த பையன்கள் இப்படி நினைத்திருக்க மாட்டார்கள். 1984ல் சௌந்தரபாண்டியனின் மகன் விஜயன் லயன் காமிக்ஸை ஆரம்பித்தார். வாசகர்களின் கடிதங்களை எடுத்துவைத்துக்கொண்டு, எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று அவர்களோடு பேசுகிற ஆசிரியர் அவர். இந்தப் பேச்சு நம்முடைய இலக்கியப் பத்திரிகைகளில் நடந்ததில்லை.

சரி, மாயாவியிலும் டெக்ஸ் வில்லரிலும் ஊறினவருக்கு அடுத்தது என்ன? நான் பூமணியின் 'வெக்கை'யைத்தான் சொல்லுவேன். 1982ல் வந்த நாவல்; 2019ல் 'அசுரன்' என்று சினிமாவாகவும் ஆயிற்று. கரிசல் காட்டு இலக்கியம், தலித் இலக்கியம் என்று சொல்லி நீட்டினால் அவர் வாங்கி அலமாரியில் வைத்துவிடுவார். அண்ணனைக் கொன்றவனைப் பழி வாங்கிவிட்டு ஒரு சின்னப் பையன் தகப்பனோடு காட்டில் ஒளிந்து திரிகிறான், பிடிபடுவானா மாட்டானா பாருங்கள் என்று சொன்னால் அன்று ராத்திரியே படித்துவிடுவார். புஸ்தகம் அதேதான். வாசல்தான் வேறு. அந்தத் தகப்பனும் பிள்ளையும் பேசிக்கொள்வதும், சமைத்துத் தின்பதும், அங்கே தெரிகிற அன்பும் உள்ளே போன பிறகு தானாகக் கிடைக்கும்.

ஊர்ப் பொருத்தம் சில பேருக்குப் பலிக்காமலும் இல்லை. அச்சாபீஸில் வேலை செய்கிற ஒரு பையன் கி.ரா.வின் 'கதவு' கதையைப் படித்துவிட்டு, "எங்க அம்மாச்சி பேசுற மாதிரியே இருக்கு, ஸார்" என்றான். பேச்சு அச்சில் ஏறும் என்பதே அவனுக்குப் புதிது. அவனுக்கு வேண்டியிருந்தது அந்தக் குரல்.

அதனால்தான், என்ன பிடிக்கும் என்று நான் முதலில் கேட்பதில்லை. அதற்கு எல்லோரும் மரியாதையான பதில் ஒன்று வைத்திருக்கிறார்கள். எந்தப் புஸ்தகத்தைப் பாதியில் வைத்தீர்கள், எந்த இடத்தில் என்று கேட்கிறேன். அதில் பொய் குறைவு.

பூமணியின் 'அஞ்ஞாடி' ஆயிரம் பக்கத்துக்கு மேல். 1899ல் சிவகாசியில் நடந்த கலவரம் அதில் வருகிறது. ஊர்க் கதை என்பதற்காக அதை யாரிடமும் நீட்ட எனக்குத் தைரியம் வந்ததில்லை. பட்டாசு ஆலை ஒன்றில் கணக்கு எழுதுகிற பெரியவர் ஒருவர், நாவல்கள் தமக்கு ஒத்துவரவில்லை, சொந்தபந்தம் ஒன்றும் சரியாகச் சொல்லாமல் முடித்துவிடுகிறார்கள் என்று குறைப்பட்டார். அவரிடம் கொடுத்தேன். தீபாவளிக்குப் பிறகு வேலை ஓய்கிற நாட்களில் உட்கார்ந்து படித்திருக்கிறார். யார் மகன் யார், யாருக்கு யார் கொழுந்தியாள் என்று பழைய பேரேட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் வம்சாவளி போட்டு வைத்திருக்கிறார். இரண்டு இடத்தில் பூமணியையே கேட்க வேண்டியிருக்கிறதாம்.