மலையும் மார்கழியும்: கேமரன் மலைத் தோட்டப்புற வகுப்பறையில் கிறித்து பிறப்பு இலக்கியம்

திருவருகைக் காலம் என்பது கிறித்து பிறப்பு விழாவுக்கு முன்வரும் நான்கு ஞாயிறுகளை உள்ளடக்கிய காத்திருப்புக் காலமாகும். நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் வரும் ஞாயிறன்று அது தொடங்கும். மலேசியப் பள்ளிகளின் கல்வியாண்டோ நெடுங்காலமாகச் சனவரியில் தொடங்கி நவம்பரில் முடிவதாக இருந்தது. ஆகவே, காத்திருப்பைக் கற்பிக்க வேண்டிய வாரங்களில் வகுப்பறை பூட்டிக் கிடந்தது. 2022 மார்ச்சில் கல்வியாண்டு தொடங்கியபொழுது டிசம்பரின் ஒரு பகுதி பள்ளி நாள்களுக்குள் வந்தது. 2026இல் கல்வியாண்டு மீண்டும் சனவரிக்குத் திரும்பியதால் அந்த வாய்ப்பும் பெரிதும் கைநழுவியது. இதன் விளைவை மொழியாசிரியர் அறிவர். கிறித்து பிறப்பு, பள்ளியில் ஒரு பண்டிகைக் கட்டுரையாகவே எஞ்சுகிறது. புத்தாடை, பலகாரம், உற்றார் வருகை என்னும் மூன்று பத்திகளில் அது முடிந்துவிடுகிறது. தீபாவளிக் கட்டுரையில் சில சொற்களை மாற்றினால் போதும் என்பது மாணவர்க்கும் தெரியும்.

இச்சிக்கலைக் கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களை முன்வைத்து நோக்க விழைகிறோம். பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில் அமைந்த இம்மலைப்பகுதி, 1885இல் அதனை நில அளவை செய்த வில்லியம் கேமரனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1929இல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் குடும்பங்கள் காட்டை அழித்துத் தேயிலையை நட்டன. பத்துப் பிள்ளைகளுக்குக் குறையாத தோட்டங்களில் நிருவாகமே பள்ளி நடத்த வேண்டும் என 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்திருந்தமையால் தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் எழுந்தன. மறுபுறம், தானா ராத்தாவில் குழந்தை இயேசு சபைக் கன்னியர் 1930களில் கான்வென்ட் ஒன்றை நிறுவினர். ஆக, தோட்டத்துக் கத்தோலிக்கப் பிள்ளைக்கு வகுப்பறை ஒன்றன்று. தமிழ் கற்கும் இடம் தோட்டப்பள்ளி. கிறித்து பிறப்பைக் கற்கும் இடம் ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பு. முன்னதில் சமயம் இல்லை. பின்னதில் இலக்கியம் இல்லை. இவ்விடைவெளியே இக்கட்டுரையின் பொருள்.

மறைக்கல்வி வகுப்பின் புறப்பொருள்களை முதலில் காண்போம். பச்சை இலை வளையத்தில் நான்கு மெழுகுவர்த்திகள் நிற்கும்; மூன்று ஊதா, ஒன்று இளஞ்சிவப்பு. வாரத்திற்கொன்றாக அவை ஏற்றப்படும். ஒரு மூலையில் குடில் இருக்கும். அதன் கூரைமேல் பஞ்சு பரப்பப்பட்டிருக்கும். பஞ்சு என்பது பனிக்கட்டியைக் குறிக்கும். இம்மூன்றனுள் முதலிரண்டும் வெளிநாட்டிலிருந்து வந்தவை என்பதற்காக விலக்கத்தக்கன அல்ல. திருவருகை வளையம் 1839இல் ஹாம்பர்க் நகரில் ஏழைச் சிறுவர் இல்லம் நடத்திய யோகான் இன்ரிக் விக்கெர்ன் என்பாரால் உருவாக்கப்பட்டது. விழாவுக்கு இன்னும் எத்தனை நாள் என்று ஓயாது கேட்ட பிள்ளைகள் தாமே எண்ணிக்கொள்ள அவர் ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை நிறுத்தினார். குடிலோ, 1223இல் அசிசி நகர்ப் பிரான்சிசு, கிரேச்சியோ என்னும் மலையூரின் குகையொன்றில் உண்மையான மாட்டையும் கழுதையையும் நிறுத்தி அமைத்ததன் வழிவந்தது. ஒன்று ஏழைப் பிள்ளைகளின் வகுப்பறையில் பிறந்தது. மற்றொன்று மலையில் பிறந்தது. தோட்டப்புறப் பிள்ளைக்கு இவை அயலானவை அல்ல. பஞ்சுதான் அயலானது. சன்னலுக்கு வெளியே மூடுபனி தேயிலைச் சரிவுகளை மறைத்து நிற்க, உள்ளே ஆசிரியர் வேறொரு நாட்டின் குளிரைப் பஞ்சால் செய்து காட்டுகிறார்.

இங்குத்தான் திணைக் கோட்பாடு நமக்குத் துணைக்கு வருகிறது. குறிஞ்சித் திணைக்குப் பெரும்பொழுது கூதிரும் முன்பனியும், சிறுபொழுது யாமம். மார்கழியும் தையும் முன்பனிக்குரிய திங்கள்கள். கிறித்து பிறப்பு விழாவோ மார்கழித் திங்களில், நள்ளிரவில் கொண்டாடப்படுவது. பெத்லகேம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 775 மீட்டர் உயரத்திலுள்ள மலையூர்; தானா ராத்தா அதனினும் உயர்ந்து ஏறத்தாழ 1,440 மீட்டரில் இருக்கிறது. நிலமும் பொழுதும் குறிஞ்சிக்கு இவ்வளவு பொருந்தி வந்தும், நம் பாடநூல் மரபு இதனைக் கண்டுகொள்ளவில்லை. இடையர் வருவதால் அக்கதையை முல்லைக்குரியதாகக் கொள்வாரும் உளர். முல்லையின் சிறுபொழுது மாலை. ஆனால் லூக்கா காட்டும் இடையர் இரவெல்லாம் விழித்துக் கிடைகாப்போர். முல்லை மாந்தர் குறிஞ்சிப் பொழுதில் வருகின்றனர் என்று கொள்வதே பொருந்தும். திணை மயக்கம் நம் இலக்கணத்துக்குப் புதிதன்று. அகத்திணைக்குரிய பாகுபாட்டைச் சமயக் கதைக்கு ஏற்றுவது மிகை எனின், அதனை நமக்கு முன்பே செய்துகாட்டியோர் இருவர் உளர்.

முதலாமவர் வீரமாமுனிவர் (1680-1747). மூன்று காண்டமும் முப்பத்தாறு படலமும் 3,615 பாடல்களும் கொண்ட தேம்பாவணி, யூதேய நாட்டைத் தமிழ் நாட்டாக்கிப் பாடியது என்பது யாவரும் அறிந்ததே. வகுப்பறை நோக்கில் நமக்கு முதன்மையாவது வேறொன்று. அக்காப்பியத்தின் தலைவர் குழந்தை இயேசு அல்லர், வளனே தலைவர். போர்த்துக்கீசிய மொழிவழி வந்த சூசை என்ற பெயரை ஒதுக்கி, அப்பெயரின் எபிரேய மூலப்பொருளாகிய பெருகுதல் என்பதனை உட்கொண்டு வளன் என்ற தமிழ்ப்பெயரை முனிவர் ஆக்கினார். ஒலியைப் பெயர்க்காமல் பொருளைப் பெயர்த்த இத்துணிவு இன்றைய கலைச்சொல்லாக்கத்தார்க்கும் பாடமாகும்.

காப்பியத்தின் முதற்காண்டத்தில் ஐயந்தோற்று படலம், ஐயநீங்கு படலம் என அடுத்தடுத்து இரண்டு உள. மரியாள் கருவுற்றிருப்பதைக் கண்ட வளன் கலங்குவதும், பிரிந்து செல்லத் துணிவதும், வானவர் உரையால் தெளிவதும் அவற்றின் பொருள். மத்தேயு நற்செய்தி சில வசனங்களில் சொல்லி முடித்ததை முனிவர் இரு படலங்களாக விரித்தார். திருவருகைக் காலத்தின் உள்ளீடு இதுவே என்பது எமது துணிபு. காத்திருத்தல் என்பது நாள் எண்ணுதல் மட்டுமன்று. தெளிவு வரும் முன்னர்த் தீர்ப்புக் கூறாது நிற்றலும் ஆகும். நம் வகுப்பறை நாடகங்களிலோ சூசையப்பர் வேடமிட்ட பையன் கையில் கோலுடன் இறுதிவரை வாய் திறவாமல் நிற்கிறான். அவனுக்கு ஓர் உரையாடலும் எழுதப்படுவதில்லை. அவன் ஐயுற்றான் என்பதைச் சொன்னால் பிள்ளைகள் குழம்புவர் என்று ஆசிரியர் அஞ்சுகின்றனர் போலும். பத்து வயதுப் பிள்ளைக்கு ஐயம் தெரியாது என்று எண்ணுவதுதான் குழப்பம்.

எனினும் தேம்பாவணியை அப்படியே வகுப்பறைக்குக் கொண்டுவரலாகாது. சொல்லருமை ஒரு காரணம். அதனை உரைநடையால் கடக்கலாம். கடக்க முடியாதது அணிமிகுதி. பிறப்பைப் பாடும் மகவருள் படலத்தில் குகையின் வறுமை, உவமைகளின் செல்வத்தால் மூடப்படுகிறது. காப்பிய மரபுக்கு அது தகும். மாட்டுக் கொட்டிலை நேரில் அறிந்த தோட்டப்பிள்ளைக்கோ அக்கொட்டில் கொட்டிலாகவே இருத்தல் வேண்டும்.

இரண்டாமவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864). அவர்தம் பெத்லகேம் குறவஞ்சி, மலைவாழ் குறத்தியைக் கிறித்து பிறப்பு இலக்கியத்தின் நடுவில் கொண்டுவந்து நிறுத்திய நூல். தலைவி தேவமோகினி, அவளுக்குக் குறி கூறுபவள் ஞானச்சிங்கி, அவளைத் தேடி வருபவன் ஞானச்சிங்கன். சாஸ்திரியார் ஆசிரியத் தொழில் புரிந்தவர் என்பதை மறத்தல் கூடாது. ஐரோப்பியர் வழிவந்த நிலநூலையும் வானியலையும் அவர் தம் பாட்டுக்குள்ளேயே வைத்தார். குறவஞ்சியின் உறுப்பாகிய மலைவளம் கூறும் பகுதி ஒரு வகுப்பறையாகவே மாறிவிடுகிறது. ஆடலும் பாடலும் வினாவிடையும் கலந்த வடிவம் தொடக்கப்பள்ளி மாணவர்க்கு இயல்பாகவே ஒத்துவரும். தேம்பாவணியைக் காட்டிலும் இதுவே வகுப்பறைக்கு ஏற்றது என்போம்.

குறத்தியின் இடுப்பில் கூடை உண்டு. தேயிலைக் கொழுந்து கிள்ளிய பெண்களின் முதுகிலும் கூடை இருந்தது. கத்தரியும் பொறியும் வந்தபின் அக்காட்சி அருகிவிட்டது. மலைமேல் இன்று வேலை செய்வோருள் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் இந்தோனேசியரும் மிகுதி. ஆயினும் பாட்டி கூடை சுமந்த கதை வீடுகளில் உண்டு. நற்செய்தி சொல்லும் பெண்ணை மலையிலிருந்து கூடையுடன் இறங்கி வருபவளாகக் காட்டிய நூல் ஒன்று தமிழில் இருநூறு ஆண்டுகளாக இருக்கிறது. அதனைக் கேட்டறியாமலே அம்மலைப் பிள்ளைகள் பஞ்சுப் பனியை ஒட்டிக்கொண்டிருக்கின்றனர். எமது வருத்தம் இதுவே.

சாஸ்திரியாரிடமும் நமக்கு ஒரு குறை உண்டு. அவருடைய சிங்கி விசுவாசத்தின் உருவகம். உருவகமானவுடன் அவளுடைய பசியும் களைப்பும் மறைந்துவிடுகின்றன. குற்றாலக் குறவஞ்சியின் குறத்தியிடம் உள்ள மண்ணின் வாசம் இவளிடம் குறைவு. நடிக்க வைக்கும் ஆசிரியர் சிங்கிக்கு உடலைத் திருப்பித் தர வேண்டியிருக்கும்.

சாஸ்திரியார் லுத்தரன் சபையினர். கத்தோலிக்க வகுப்பில் அவர் நூலைப் பயிற்றலாமா என்னும் வினா எழக்கூடும். வீரமாமுனிவர் லுத்தரன் சபையினரைக் கடிந்து வேதவிளக்கம் எழுதியவர். இவ்விருவரும் ஒரே அறையில் அமர்ந்திருக்க மாட்டார்கள்தான். ஆனால் சாஸ்திரியார் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். மேலும், வளையம் செய்த விக்கெர்னும் லுத்தரன் சபையினரே. வளையத்தை ஏற்ற கை குறவஞ்சிக்குத் தயங்குவானேன்?

இனிச் சொற்கள். 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டுச் சட்டத்தொகுப்பை வெளியிட்டபின் தாய்மொழி வழிபாடு பரவியது. பூசை திருப்பலியாயிற்று; ஞானஸ்நானம் திருமுழுக்காயிற்று; ஆகமன காலம் திருவருகைக் காலமாயிற்று. இலங்கைத் தமிழர் நாவில் மட்டும் போர்த்துக்கீசிய நத்தால், நத்தாராக இன்றும் நிற்கிறது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் இச்சொல் மாற்றங்களுக்கு நிலைபேறு தந்தது. இவற்றைப் பொதுவாக வரவேற்கிறோம். ஆயினும் ஓரிடத்தில் நின்று எண்ண வேண்டியுள்ளது.

லூக்காவின் கதை ஒரு குடிக்கணக்கெடுப்பில் தொடங்குகிறது. பேரரசின் ஆணைப்படி ஒவ்வொருவரும் தத்தம் மூதாதையர் ஊருக்குச் சென்று பதிவு செய்தல் வேண்டும். ஒரு தொழிலாளி, நிறைமாதக் கருவுற்ற மனைவியோடு பதிவுக்காக அலைகிறார். மறைக்கல்வி நூல்கள் இதனை இரண்டு வரியில் கடந்து இடையரிடம் விரைகின்றன. மலேசியத் தோட்டப்புறத் தமிழருக்கு இவ்விரண்டு வரி எளிதில் கடக்கத்தக்கதன்று. பிறப்புப் பத்திரமின்மையால் குடியுரிமை பெறாது சிவப்பு அடையாள அட்டையுடன் வாழ்ந்தோர் பலர். 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைத் தொடர்ந்து, 1969 முதல் குடியுரிமையற்றோர் வேலை அனுமதி பெற வேண்டியதாயிற்று. கிடைக்காதோர் கப்பலேறி மூதாதையர் ஊருக்கே திரும்பினர். பதிவு என்ற சொல் நம் தோட்டப்புறத்தில் எத்தகைய அச்சத்தைத் தந்தது என்பதை மூத்தோர் அறிவர். மேலைநாட்டு விளக்கவுரைகள் காணாத பொருள் இங்கே கண்முன் கிடக்கிறது. ஆசிரியர் அதனை எடுத்துரைத்தால் மறைக்கல்வி வகுப்பு வரலாற்று வகுப்புமாகும்.

அப்பயணத்தின் முடிவில் அவர்களுக்குத் தங்க இடமில்லை. எங்கே இடமில்லை? பழைய மொழிபெயர்ப்பு சத்திரம் என்றது. 1995ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு விடுதி என்கிறது. இரண்டும் ஒன்றல்ல. சத்திரம் என்பது வழிப்போக்கர்க்குப் பொருள் பெறாது இடமளிக்கும் அறக்கொடை. அங்கேயே இடமில்லை எனின், அறமே கதவடைத்தது என்றாகிறது. தமிழ்ச்சூழலில் அச்சொல் கதையின் குற்றச்சாட்டை மிகக் கூர்மையாக்குகிறது. விடுதியில் இடமில்லை என்பதோ நாள்தோறும் நடப்பது. காசுள்ளவர் முந்திக்கொண்டார் என்ற அளவில் முடிவது. இலக்கிய நோக்கில் சத்திரமே சிறந்தது எனத் தயங்காது கூறுவோம். ஆயினும் சத்திரத்தைக் கண்டறியாத மலேசியப் பிள்ளைக்கு அச்சொல்லை விளக்கிவிட்டே கதையைத் தொடர வேண்டும். விடுதிக்கு விளக்கம் வேண்டாம். ஆண்டிறுதி விடுமுறையில் கீழிருந்து வருவோரால் தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் அறைகள் நிரம்பிவிடுவதும், மலைப்பாதையில் வாகனங்கள் வரிசை பிடித்து நிற்பதும் அவர்கள் ஆண்டுதோறும் டிசம்பரில் காண்பது. அவ்விடுதிகளில் படுக்கை விரிப்பு மாற்றும் வேலையில் தம் வீட்டார் இருக்கவும் கூடும். கதவுக்கு உள்ளே நின்று இடமில்லை என்று சொல்ல நேர்ந்த பணியாளுக்கும் நாடகத்தில் ஓர் உரை எழுதலாம்.