வினாவின் தரம் தவறான விடைகளில்

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வில் 200 வினாக்கள். அவற்றில் 100 வினாக்கள் தமிழ்த் தகுதித் தேர்வுக்கு உரியவை. அந்தப் பகுதிக்கான 150 மதிப்பெண்ணில் 60 எடுக்காதவரின் மற்ற விடைகள் மதிப்பிடப்படுவதே இல்லை. கிராம நிர்வாக அலுவலராகவோ இளநிலை உதவியாளராகவோ வர ஆசைப்படும் ஒருவரின் எதிர்காலம் இந்த நூறு வினாக்களில் தொங்குகிறது. அவை எதை அளக்கின்றன என்று கேட்டே ஆகவேண்டும்.

கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கொள்குறி வகையையே தூக்கி எறியச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இலட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வில் கையெழுத்தோ, திருத்துபவரின் மனநிலையோ மதிப்பெண்ணைத் தொடாமல் இருப்பது பெரிய நியாயம். சிபாரிசு இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அதுதான் பாதுகாப்பு.

கோளாறு வினாக்களின் உள்ளடக்கத்தில் இருக்கிறது. கலம்பகத்தின் உறுப்புகள் எத்தனை என்பதுபோன்ற வினாவை எடுத்துக்கொள்வோம். 18 என்று மனப்பாடம் செய்தவருக்கு ஒன்றரை மதிப்பெண். அவருக்கு ஒரு கலம்பகப் பாடலைப் படித்துப் பொருள் சொல்லத் தெரியுமா, ஒரு விண்ணப்பத்தைப் புரிந்துகொள்ள வருமா என்று அந்த வினா கேட்பதில்லை. தமிழைப் பற்றிய செய்தியை அது சோதிக்கிறது, தமிழில் இயங்கும் திறனைத் தொடுவதில்லை.

இத்தகைய வினாக்கள் ஓயாததற்கு வினா எழுதுவோரின் சோம்பலை மட்டும் காரணமாக்க முடியாது. தேர்வு முடிந்ததும் உத்தேச விடைக்குறிப்பு வெளியாகிறது. ஆதாரத்தோடு தேர்வர் எவரும் மறுக்கலாம். தேர்வர்களுக்கு அவசியமான உரிமை இது. ஆனால் ‘கருப்பு’, ‘கறுப்பு’ இரண்டில் எது சரி என்று கேட்டால் இரு தரப்பும் அகராதியைத் தூக்கிக்கொண்டு வரும். 18 என்ற விடைக்கோ பாடநூலின் பக்க எண்ணே போதும். வழக்குக்கு அஞ்சும் வினா, நினைவாற்றலின் பக்கம் ஒதுங்கிவிடுகிறது என்பதே என் கணிப்பு.

மாற்று எப்படி இருக்கும்? ஒரு மனுவைக் கொடுப்போம்: “என் தந்தை காலமான பின் பட்டா என் அண்ணன் பெயருக்கு மட்டும் மாற்றப்பட்டுள்ளது. வாரிசுச் சான்றிதழில் என் பெயரும் உள்ளது. ஆகவே கூட்டுப் பட்டாவாக மாற்றித் தருமாறு வேண்டுகிறேன்.” மனுதாரர் கோருவது யாது? (அ) அண்ணன் பெயரை நீக்கித் தன் பெயரைச் சேர்ப்பது. (ஆ) இருவர் பெயரிலும் பட்டா. (இ) வாரிசுச் சான்றிதழ். (ஈ) நிலத்தை அளந்து பிரித்துத் தருவது.

விடை (ஆ). வினாவின் உயிர் மற்ற மூன்றில் இருக்கிறது. ‘மட்டும்’ என்பதை மனக்குறையாகப் படித்து, ‘கூட்டு’ என்பதைத் தாண்டிப் போகிறவர் அ-வில் விழுவார். சான்றிதழ் என்ற சொல்லைக் கண்டதும் முடிவு கட்டுபவர் இ-க்குப் போவார். அண்ணன் தம்பி வழக்கென்றாலே பாகப்பிரிவினைதான் என்று ஊகிப்பவருக்கு ஈ. ஒவ்வொரு தவறான விடையும் ஒரு குறிப்பிட்ட வாசிப்புப் பிழையைப் பிடிக்கிறது. ஒப்புக்கு எழுதிய விடைகள் இதைச் செய்யாது. மூன்று அபத்தங்களுக்கு நடுவே ஒரு நீளமான, நிதானமான விடையை வைத்தால் மனுவைப் படிக்காமலே அதைக் கண்டுபிடித்துவிடலாம்.

இந்த வினாவிலும் குறை உண்டு. நிலம் உள்ள வீட்டில் வளர்ந்தவருக்குக் ‘கூட்டுப் பட்டா’ பழகிய பேச்சு. நகரத்து வாடகை வீட்டில் வளர்ந்தவருக்கு அப்படியல்ல. ஆகவே ஒரே துறையிலிருந்து பத்திகளை எடுக்கக் கூடாது. ரேஷன் கடை அறிவிப்பு, பேருந்து நேர மாற்றம், பள்ளிச் சுற்றறிக்கை என்று பரவலாக எடுக்கவேண்டும்.

2025 தேர்வுக்கான புதிய பாடத்திட்டத்தில் வாசித்துப் புரிந்துகொள்ளும் திறனும் எழுதும் திறனும் தனி அலகுகளாக வந்திருப்பது நல்ல திருப்பம். ஆனால் எழுதும் திறனை நான்கு விடைகளில் ஒன்றைக் கறுப்பாக்கி அளந்துவிட முடியாது என்ற வரம்பு அப்படியேதான் இருக்கிறது. குரூப் 1 முதன்மைத் தேர்வைப் போல விரிந்துரைக்கும் தமிழ்த் தாள் இங்கேயும் வேண்டுமென்றால், தேர்ச்சி விளிம்பில் நிற்பவர்களுக்கு மட்டுமாவது ஒரு சிறு கடிதம் எழுதச் சொல்லலாம்.

வினாத்தாள் வெளியே கசியும் அச்சத்தால் வினாக்களை முன்கூட்டிச் சிறு குழுவிடம் ஓட்டிப் பார்ப்பது கடினம். தேர்வுக்குப் பின் அந்தத் தடை இல்லை. மொத்த மதிப்பெண்ணில் மேலே நிற்பவர்களே இரண்டு விடைகளுக்கிடையே பாதிப் பாதியாகப் பிரிந்திருந்தால் அந்த வினாவை மறுபடி பார்க்கவேண்டும். கீழே நிற்பவர்கள் அவர்களைவிட அதிகமாகச் சரியான விடையைத் தொட்டிருந்தால் வினாவோ விடைக்குறிப்போ பழுது. விடைத்தாள்களைக் கணினிதான் படிக்கிறது; இந்தக் கணக்கைப் போட்டு, வினாவாரியாக முடிவை வெளியிடுவதற்குத் தேர்வாணையத்துக்குப் புதிதாக எந்தத் தரவும் தேவையில்லை.